ஒற்றைக் கை விஞ்ஞானி ஜேம்ஸ் சம்னர்!

குட்டீஸ்! இன்று மதியம் சாப்பிட உட்காரும்போது ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். குழம்பு, ரசம் எதுவும் ஊற்றாத வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்துக் கொள்ளுங்கள். உடனே விழுங்காமல், ஒரு நிமிடம் பொறுமையாக மெல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் நாக்கில் லேசாக இனிப்புத் தெரியும்.

சர்க்கரையே போடவில்லையே, இனிப்பு எங்கிருந்து வந்தது? உங்கள் உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற பொருள், சோற்றில் உள்ள மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக மாற்றிவிட்டது! இப்படி உடலில் நடக்கும் வேலைகளை வேகப்படுத்தும் பொருட்களுக்கு 'என்சைம்' என்று பெயர். உங்கள் பாடப்புத்தகத்தில் 'நொதி' என்று போட்டிருப்பார்கள்.

சாப்பாடு ஜீரணமாவது, மூச்சுவிடுவது, காயம் ஆறுவது, விதை முளைப்பது... எல்லாவற்றுக்கும் என்சைம்கள் வேண்டும். ஆனால், இந்த என்சைம்கள் எதனால் ஆனவை என்பது 100 ஆண்டுகளுக்கு முன்பு வரை பெரிய புதிராக இருந்தது. அதை விடுவித்தவர் ஒரு கை இல்லாத விஞ்ஞானி. அவரது கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வேட்டையில் நடந்த விபரீதம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேன்டன் என்ற ஊரில், 1887ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி பிறந்தார் ஜேம்ஸ் பேட்செல்லர் சம்னர். வசதியான குடும்பம். பள்ளியில் படித்தபோது பெரும்பாலான பாடங்கள் அவருக்குச் சலிப்பாகவே இருந்தன. இயற்பியலும் வேதியியலும் மட்டும்தான் பிடித்தன.

சிறுவன் ஜேம்ஸுக்குத் துப்பாக்கி எடுத்துக் கொண்டு பறவை வேட்டைக்குப் போவதென்றால் கொள்ளை ஆசை. 17 வயதில் அப்படிப் போனபோதுதான் அந்த விபரீதம் நடந்தது. கூட வந்தவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, குண்டு ஜேம்ஸின் இடது கையில் பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கையை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இதில் இன்னொரு கொடுமை என்ன தெரியுமா? ஜேம்ஸ் இடது கைப் பழக்கம் உள்ளவர்! எழுதுவது, பிடிப்பது, எறிவது எல்லாமே அந்தக் கையால்தான். உங்களில் வலது கையால் எழுதுபவர்கள் ஒரு பக்கம் முழுவதும் இடது கையால் எழுதிப் பாருங்கள், அவர் பட்ட கஷ்டம் புரியும்.

ஆனால், ஜேம்ஸ் மூலையில் உட்கார்ந்து அழுது கொண்டிருக்கவில்லை. எல்லா வேலைகளையும் வலது கையால் செய்யப் பழகினார். அது மட்டுமா? டென்னிஸ், நீச்சல், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று ஒவ்வொரு விளையாட்டாகக் கற்றுக் கொண்டார். கையைப் பறித்த துப்பாக்கியையும் விட்டுவிடவில்லை. களிமண் தட்டுகளை வானில் பறக்கவிட்டுச் சுடும் போட்டியிலும் தேர்ந்தார்!

வக்கீலுக்குப் படிக்கச் சொன்ன பேராசிரியர்

புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து 1910இல் பட்டம் பெற்றார் சம்னர். சில மாதங்கள் உறவினரின் துணி ஆலையில் வேலை பார்த்தார். மனம் ஒட்டவில்லை. கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்தார். உயிர்களுக்குள் நடக்கும் வேதியியலைப் படிக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

1912இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக்குப் போய், ஓட்டோ ஃபோலின் என்ற பெரிய பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர விரும்பினார். ஃபோலின் அவரது கையைப் பார்த்தார். சோதனைக் குழாயைப் பிடிக்க ஒரு கை, மருந்தை ஊற்ற ஒரு கை என்று வேண்டாமா? ஒற்றைக் கையோடு வேதியியலில் வெற்றி பெறவே முடியாது, சட்டம் படிக்கப் போவதுதான் நல்லது என்று அறிவுரை சொன்னார்.

சம்னர் கேட்பாரா? அங்கேயே, அதே பேராசிரியரிடமே சேர்ந்து படித்தார். 1914இல் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்! அவர் ஆராய்ந்த விஷயம், உடலில் யூரியா எப்படி உண்டாகிறது என்பது. யூரியா என்றதும் வயலுக்குப் போடும் உரம்தானே உங்கள் ஞாபகத்துக்கு வருகிறது? அதே யூரியாதான், கழிவுப் பொருளாக நம் உடலிலும் உண்டாகிறது. அதைச் சிறுநீரகங்கள் வடிகட்டிச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன.

படிப்பு முடிந்ததும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். அந்த நேரம் பார்த்து முதல் உலகப் போர் வெடித்தது! சுவிட்சர்லாந்தில் ஒரு மாதம் போல மாட்டிக் கொண்டார். அங்கே இருந்தபோதுதான் அந்தத் தந்தி வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை! நியூயார்க் மாநிலத்தில் இதாகா என்ற ஊரில் உள்ள அந்தப் பல்கலைக்கழகம்தான் அதன்பிறகு அவரது உலகமாகிவிட்டது.

பூட்டும் சாவியும்

சம்னர் வருவதற்கு முன்பே என்சைம்களைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்திருந்தன. 1833இல் பிரான்சில், முளைகட்டிய பார்லியிலிருந்து மாவுச்சத்தை உடைக்கும் பொருளைப் பிரித்தார்கள். 1897இல் எட்வார்டு புக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்து, உயிருள்ள செல்லே இல்லாத அந்தச் சாறும் சர்க்கரையைப் புளிக்க வைப்பதைக் காட்டினார்.

எமில் பிஷர் என்ற விஞ்ஞானி 1894இல் ஓர் அழகான விளக்கம் சொன்னார். உங்கள் வீட்டுப் பூட்டை எந்தச் சாவி திறக்கும்? அதற்கென்று செய்த சாவி மட்டும்தானே? அதுபோல ஒவ்வொரு என்சைமுக்கும் ஒரு குழிவான இடம் உண்டு. அந்தக் குழியில் சரியாகப் பொருந்தும் பொருள் மேல் மட்டுமே அது வேலை செய்யும். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், முட்டையில் உள்ள புரதத்தைத் தொடக்கூடத் தொடாது!

பொருள் குழிக்குள் வந்து உட்காரும். என்சைம் அதை உடைக்கும், அல்லது வேறொன்றுடன் ஒட்டும். வேலை முடிந்ததும் புதிய பொருள் வெளியே போய்விடும். என்சைம் தேயாது, தீராது. அடுத்ததற்குத் தயாராகிவிடும். குழி கெட்டியான பூட்டுப் போல இல்லாமல், பொருளுக்குத் தகுந்தபடி கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும் என்று பிற்காலத்தில், 1958இல் டேனியல் கோஷ்லண்ட் என்பவர் சொன்னார்.

சரி, பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டு இரும்பா, பித்தளையா? அதாவது, என்சைம் எந்தப் பொருளால் ஆனது? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால், ஒரு என்சைமைக்கூடச் சுத்தமாகத் தனியே பிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஜன்னலில் வைத்த சாறு

1917இல் அந்த வேலையில் இறங்கினார் சம்னர். அவரிடம் பணம் குறைவு, கருவிகள் குறைவு, உதவியாளர்கள் குறைவு. பாடம் நடத்தும் வேலையோ ஏராளம். அதனால் கண்டதையும் ஆராயாமல், ஒரே ஒரு என்சைமைத் தேர்ந்தெடுத்தார். அதன் பெயர் யூரியேஸ். யூரியாவை உடைத்து அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவது அதன் வேலை. (சரியாகக் கழுவாத கழிப்பறையில் மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறதே, அது இந்த யூரியேஸின் கைங்கரியம்தான். அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதை வைத்து அமோனியா தயாரிக்கின்றன!)

யூரியேஸ் அதிகமாக இருப்பது ஜாக் பீன் என்ற ஒரு வகை அவரை விதையில். நம் ஊர்த் தம்பட்டை அவரைக்கு நெருங்கிய சொந்தம் இது. சம்னர் அந்த விதைகளை மாவாக அரைத்தார். அதிலிருந்து சாறு எடுத்தார். சாற்றில் உள்ள வேண்டாத பொருட்களை ஒவ்வொன்றாக நீக்கப் பார்த்தார்.

சாறு கெடாமல் இருக்கவும், பொருட்கள் பிரிந்து படியவும் குளிர்ச்சி வேண்டும். அவரது ஆய்வுக்கூடத்திலோ ஐஸ் பெட்டிகூட இல்லை! என்ன செய்தார் தெரியுமா? சாறு நிரம்பிய கண்ணாடிக் குழாய்களை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, இன்று இரவு நன்றாகக் குளிரட்டும் என்று வேண்டிக் கொள்வார்!

ஒரு வருடம் போனது. இரண்டு வருடம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. 1921இல் பெல்ஜியத்துக்குப் போய் ஷான் எஃப்ரான் என்ற என்சைம் நிபுணரிடம் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை கிடைத்தது. ஆனால், யூரியேஸைப் பிரிக்கும் யோசனையே கேலிக்குரியது என்று அவர் சொல்லிவிட்டதால் பயணம் நின்றுபோனது. நண்பர்கள் பலரும் இதை விட்டுவிடச் சொன்னார்கள். அவர் விடவில்லை.

1926இல் ஒரு மாற்றம் செய்தார். அதுவரை பயன்படுத்தி வந்த ஆல்கஹாலுக்குப் பதிலாக, நீர் கலந்த அசிட்டோனை ஊற்றினார். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் இருக்குமே, அந்த அசிட்டோன்தான். இரவு முழுவதும் குளிரில் வடிய விட்டார். மறுநாள் காலையில் வடிந்திருந்ததில் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

குட்டிக் குட்டிப் படிகங்கள்! கற்கண்டு போல, எட்டு முகங்களுடன் பளபளத்தன. அவற்றைப் பிரித்து எடுத்து நீரில் கரைத்து, யூரியாவுடன் சேர்த்துப் பார்த்தார். யூரியா மளமளவென்று உடைந்தது. படிகம் என்ன பொருள் என்று சோதித்தார். புரதம் என்று வந்தது! உடனே மனைவிக்குப் போன் போட்டு, முதல் என்சைமைப் படிகமாக்கிவிட்டேன் என்று சொன்னார்.

9 வருடப் போராட்டம் வென்றுவிட்டது. பூட்டு எதனால் ஆனது என்று தெரிந்துவிட்டது. என்சைம் என்பது புரதம்!

நம்ப மறுத்த உலகம்

உலகமே கைதட்டியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. ஜெர்மனியில் ரிச்சர்டு வில்ஸ்டாட்டர் என்ற மாபெரும் வேதியியலாளர் இருந்தார். இலைகளின் பச்சையத்தை ஆராய்ந்து 1915இல் நோபல் பரிசு பெற்றவர். என்சைம்கள் புரதமே அல்ல, புரதம் வெறும் சுமைதூக்கிதான் என்பது அவரது கருத்து.

அவர் சும்மா சொல்லவில்லை. அவர் தயாரித்த என்சைம் கரைசல்கள் நன்றாக வேலை செய்தன. ஆனால், சோதித்தால் அவற்றில் புரதம் தெரியவில்லை. உண்மையான காரணம் என்ன? மிக மிகக் கொஞ்சம் என்சைம் இருந்தாலே போதும், வேலை வேகமாக நடக்கும். அவ்வளவு குறைந்த புரதத்தைக் கண்டுபிடிக்கும் திறமை அன்றைய சோதனைகளுக்கு இல்லை. ஓர் அண்டா தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் நாக்குக்குத் தெரியாது. அதற்காக உப்பே இல்லை என்று சொல்ல முடியுமா?

நோபல் பரிசு பெற்ற மேதை ஒரு பக்கம், யாருக்கும் தெரியாத ஒரு உதவிப் பேராசிரியர் மறுபக்கம். பெரும்பாலானவர்கள் மேதையைத்தான் நம்பினார்கள். சம்னர் சண்டைக்குப் போகவில்லை. பொறுமையாகப் படிகங்களைக் கரைத்து, மறுபடி படிகமாக்கி, மறுபடி சோதித்து, கட்டுரைகளாக எழுதிக் கொண்டே இருந்தார்.

1930இல் நிலைமை மாறியது. ராக்ஃபெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஜான் நார்த்ராப், வயிற்றில் சுரக்கும் பெப்சின் என்ற என்சைமைப் படிகமாக்கினார். அதுவும் புரதம்! அடுத்து டிரிப்சின். அதுவும் புரதம்! 1937இல் சம்னர் தன் மாணவருடன் சேர்ந்து கேட்டலேஸ் என்ற இன்னொரு என்சைமையும் படிகமாக்கினார். இனி யார் மறுக்க முடியும்?

சூடு, புளிப்பு, விஷம்!

என்சைம் ஒரு புரதம் என்று தெரிந்ததும், அதுவரை புரியாத பல விஷயங்கள் புரிந்துவிட்டன. எப்படி என்று பாருங்கள்.

சூடு: முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிவிடும். ஆறிய பிறகும் பழையபடி நீராகாது. ஏனென்றால், சூட்டில் புரதத்தின் மடிப்புகள் குலைந்துவிடுகின்றன. என்சைமுக்கும் அதே கதிதான். கொஞ்சம் சூடு ஏறினால் வேலை வேகமாகும். அளவுக்கு மீறினால் குழியின் வடிவமே போய்விடும். நம் உடலின் பெரும்பாலான என்சைம்களுக்குப் பிடித்தது 37 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு. குளிரிலோ என்சைம் சாகாது, சோம்பேறியாகிவிடும். ஃபிரிட்ஜில் பால் சீக்கிரம் கெடாமல் இருப்பது இதனால்தான். பாலைக் கெடுக்கும் கிருமிகளின் என்சைம்கள் அங்கே மந்தமாகிவிடுகின்றன.

புளிப்பு: வாழைப்பூவை நறுக்கி அம்மா மோரில் போடுவாரே, ஏன்? அப்படியே வைத்தால், அதில் உள்ள ஒரு என்சைம் காற்றுடன் சேர்ந்து அதைக் கறுக்க வைத்துவிடும். மோரின் புளிப்பு அந்த என்சைமை அடக்குகிறது. எல்லா என்சைமும் புளிப்பைக் கண்டு பயப்படாது. வயிற்றில் இருக்கும் பெப்சினுக்குக் கடுமையான அமிலம்தான் பிடிக்கும். பி.எச். அளவு 2 இருந்தால் உற்சாகமாக வேலை செய்யும். சிறுகுடலில் இருக்கும் டிரிப்சினுக்கோ 8 வேண்டும். இடத்துக்கு ஏற்ற ஆள்!

கூட்டம்: ரேஷன் கடையில் எடை போடுபவர் ஒருவர்தான் என்றால், வரிசையில் 10 பேர் நின்றாலும் 100 பேர் நின்றாலும் ஒரு மணி நேரத்தில் அவர் போடும் எடை அவ்வளவுதான். என்சைமும் அப்படித்தான். பொருள் அதிகமாக அதிகமாக வேலை வேகமாகும். எல்லாக் குழிகளும் நிரம்பிவிட்டால் வேகம் அதற்கு மேல் ஏறாது. என்சைமை அதிகமாக்கினால்தான் ஏறும்.

விஷம்: பூட்டுக்குள் யாராவது குச்சியைச் சொருகிவிட்டால் சாவி நுழையுமா? சில பொருட்கள் என்சைமை அப்படி முடக்கிவிடும். துளியளவு பாதரசமோ வெள்ளி உப்போ பட்டாலே யூரியேஸ் படுத்துவிடும். பாதரசம் நஞ்சாக இருப்பதற்கு, அது என்சைம்களை இப்படி முடக்குவது ஒரு முக்கியக் காரணம்.

தேடி வந்த நோபல்

1929இல் கார்னெலில் முழுப் பேராசிரியரானார் சம்னர். 1946ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பரிசில் பாதி அவருக்கு. மீதிப் பாதியை நார்த்ராப்பும், வைரஸைப் படிகமாக்கிய வெண்டல் ஸ்டான்லியும் பகிர்ந்து கொண்டார்கள். ஒற்றைக் கையால் வேதியியல் முடியாது என்று சொல்லப்பட்ட மாணவர், வேதியியலின் மிகப் பெரிய பரிசை அதே ஒற்றைக் கையால் வாங்கினார்!

1947இல் கார்னெலின் என்சைம் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநரானார். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க அவருக்கு எண்ணமில்லை. பிரேசில் நாட்டுக்குப் போய் ஒரு என்சைம் ஆய்வுக்கூடம் அமைக்கத் தயாராகிக் கொண்டிருந்தார். அதற்குள் புற்றுநோய் தாக்கியது. 1955ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி காலமானார்.

அவர் கண்டுபிடிப்பில் பிறகு ஒரு சின்னத் திருத்தமும் வந்தது. ஆர்.என்.ஏ. என்ற பொருளும் சில இடங்களில் என்சைம் போல வேலை செய்வதை 1980களில் கண்டுபிடித்தார்கள். ஆனாலும், நம் உடலில் உள்ள என்சைம்களில் பெரும்பாலானவை சம்னர் சொன்னபடி புரதங்கள்தான்.

சென்னைக்கு வந்த படிகம்

சம்னரின் யூரியேஸ் இன்றும் நமக்கு உழைக்கிறது. உங்கள் தாத்தா பாட்டிக்கு ரத்தப் பரிசோதனை செய்த சீட்டைப் பாருங்கள். அதில் யூரியா என்று ஒரு வரி இருக்கலாம். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அறிய உதவும் சோதனை அது. அந்த யூரியாவை அளக்கப் பல ஆய்வகங்கள் பயன்படுத்துவது யூரியேஸைத்தான்.

1975இல் யூரியேஸுக்குள் நிக்கல் என்ற உலோகம் இருப்பது தெரிந்தது. நிக்கல் உள்ள என்சைம் ஒன்றை விஞ்ஞானிகள் கண்டது அதுவே முதல் முறை. யூரியேஸ் இருந்தால் யூரியா உடையும் வேகம் என்ன தெரியுமா? 1 போட்டுப் பக்கத்தில் 14 சைபர் போடுங்கள். கிட்டத்தட்ட அத்தனை மடங்கு!

ஆனால், சம்னர் பார்த்த அந்த அவரைப் படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமலே இருந்தது. அந்தக் கேள்விக்கு எங்கே பதில் கிடைத்தது தெரியுமா? நம் சென்னையில்! சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் உள்ள படிகவியல் துறை ஆய்வாளர்கள், எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அதன் முழு வடிவத்தையும் கண்டறிந்து 2010இல் வெளியிட்டார்கள். தாவர யூரியேஸ் ஒன்றின் வடிவம் தெரிந்தது அதுதான் உலகில் முதல் முறை.

இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் என்ற பாக்டீரியா, யூரியேஸை வைத்து அமோனியா தயாரித்துத்தான் வயிற்று அமிலத்திலிருந்து தப்பிக்கிறது. பூட்டின் வடிவம் தெரிந்தால், அதை அடைக்கும் மருந்தைத் தேடுவது சுலபம் அல்லவா? அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை.

நாளைக்கு உங்களில் ஒருவர் அந்த மருந்தைக் கண்டுபிடிக்கலாம். உன்னால் முடியாது என்று யாராவது சொன்னால், ஜன்னல் ஓரத்தில் சாற்றை வைத்துவிட்டு 9 வருடம் காத்திருந்த சம்னரை நினைத்துக் கொள்ளுங்கள். சரிதானே, குட்டீஸ்?